கோழிக்குஞ்சு கார்ட்டூனும் ₹12,500 பேனலும்

19 நாள் கழித்து நேற்றுதான் டிவி வீடு திரும்பியது. கடையில் முதலில் போர்டு என்றார்கள், அப்புறம் பேனல் என்றார்கள், கடைசியில் ₹12,500 என்றார்கள். அந்த விலையைச் சொன்ன அன்றைக்குச் சாயங்காலம் திருமங்கலத்திலிருந்து மதினி போன். "உன் மகன் எப்பப் பார்த்தாலும் பாப்பானே, அந்தக் கோழிக்குஞ்சு கார்ட்டூன், அது பேரு என்ன? இவளுக்கும் மூணு வயசாச்சு, போட்டு விடலாம்னு பாக்குறேன்." பேரை மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு இருந்த கோபத்தில் மீதியைச் சொல்லியிருந்தால் உறவே முறிந்திருக்கும்.

'பீப் அண்ட் தி பிக் வைட் வேர்ல்ட்'. பாஸ்டனில் இருக்கும் டபிள்யூஜிபிஎச் என்ற பொதுத் தொலைக்காட்சி தயாரித்தது. 2004-இல் தொடங்கி 2011 வரை வந்தது. நாங்கள் இரண்டு வருடமாக யூடியூபில் பார்க்கிறோம், காசு கிடையாது. பீப் மஞ்சள் கோழிக்குஞ்சு, பழைய தகர டப்பாவில் குடியிருக்கிறது. சிர்ப் சிவப்பு ராபின் குஞ்சு, எப்படியாவது பறந்துவிட வேண்டும் என்று துடிக்கிறது. குவாக் வாத்து. தன்னை விட்டால் உலகத்தில் ஆளே இல்லை என்ற நினைப்பு அதற்கு. அந்த மாதிரி சிவப்பு ராபினை மதுரையில் பார்க்க வழியில்லை. கண்மாய்க் கரையில் செம்போத்து கண்ணில் பட்டால் போதும், "சிர்ப் பெருசாயிருச்சு" என்று இவன் கத்துவான்.

படம் பழசாகத் தெரியவில்லை. தடித்த கோடு, பளிச்சென்ற வண்ணம், அவ்வளவுதான். காய் பிண்டால் என்ற டேனிஷ் கனடியர் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் இருந்தபோது வரைந்த குஞ்சுகள் இவை. தொடருக்குப் பல வருடம் முன்பே, 1988-இல், குறும்படமாக வந்துவிட்டன. பேச்செல்லாம் ஆங்கிலம். ஜோன் குசாக் கதை சொல்கிறார். என் மாமியாருக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனால் வாத்து பீற்றிக்கொள்ளும் இடத்தில் சரியாகச் சிரித்துவிடுவார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இவர்கள் பதில் சொல்ல மாட்டார்கள்.

மற்ற கார்ட்டூன்களில் கண்ணாடி போட்ட ஆந்தையோ மாமாவோ வந்து "ஏனென்றால் குழந்தைகளே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். இதில் அப்படி யாரும் வருவதில்லை. மூன்று குஞ்சுகளும் எதையோ பார்க்கும், தப்பாக நினைக்கும், முட்டி மோதும், கொஞ்சம் பிடிபடும், ஒன்பது நிமிடத்தில் கதை முடிந்துவிடும். உடனே நிஜக் குழந்தைகள் வந்து அதே விஷயத்தைத் தண்ணீரிலோ மணலிலோ செய்து பார்ப்பார்கள். அப்புறம் அடுத்த கதை. 'ஏன்' என்பது நம் வீட்டு ஹாலில் விழுந்து கிடக்கும். அதைப் பொறுக்குகிற வேலை எனக்கு.

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். டிரம்மில் பிடித்து வைத்திருக்கும் அந்தத் தண்ணீரில்தான் இவன் ஆராய்ச்சி. கத்தரிக்காய் மிதந்தது, உருளைக்கிழங்கு முங்கியது. கமலா ஆரஞ்சு தோலோடு மிதந்தது, உரித்துப் போட்டால் முங்கியது. அலுமினியத் தாளைப் படகாக மடித்து விட்டான், மிதந்தது. "கசக்கி உருட்டிப் போடு, முங்கிரும்" என்று நான் பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். உருண்டை ஜம்மென்று மிதந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் அதை அம்மிக்கல்லில் வைத்து நசுங்க நசுங்கத் தட்டினோம், உள்ளே இருந்த காற்று போன பிறகுதான் அடியில் போய் உட்கார்ந்தது. பள்ளியில் ஆர்க்கிமிடிஸை மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கியவள் நான். அது எனக்கே புரிந்தது அன்றைக்குத்தான், 34 வயதில்.

தைப்பூசத்துக்கு வண்டியூர் தெப்பக்குளம் போனோம். மீனாட்சியும் சொக்கரும் தெப்பத்தில் வர, கரையிலிருந்து ஜனங்கள் வடம் பிடித்து இழுக்கிறார்கள். "அப்பத்தா, இவ்ளோ பெரிசு எப்படி முங்காம இருக்கு?"

"அம்மா ஏறி உக்காந்திருக்கா, எப்டிடா முங்கும்?"

"வீட்டுக்குப் போய்ப் பாத்துருவோம் அப்பத்தா."

அன்று ராத்திரி டிரம்மில் பூஜைத் தாம்பாளம், அதன்மேல் மஞ்சள் பிள்ளையார், சுற்றிப் பத்து ரூபாய் நாணயங்கள். ஒவ்வொன்றாக ஏற்றினான். தாம்பாளம் தாழ்ந்து தாழ்ந்து, விளிம்பில் தண்ணீர் ஏறியதும் பிள்ளையாரோடு போயிற்று. மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மஞ்சள் கரைந்த அந்தத் தண்ணீரை மறுநாள் முழுக்கச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இனி டிவி. உருளுவது, சறுக்குவது பற்றியும் இந்தத் தொடரில் வரும். துணி தேய்க்கும் பலகையைத் தலையணைமேல் சாய்த்து ஒவ்வொன்றாக உருட்டினான். எலுமிச்சை கோணிக்கொண்டு ஓடியது. கத்தரிக்காய் அரைவட்டம் போட்டது. பூரிக்கட்டைதான் நேராகப் போனது. ஒரு தலையணை, இரண்டு தலையணை, மூன்று. நான் அடுப்படியில் இருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தால் திரையில் சிலந்தி வலை. அழுவான் என்று பார்த்தால், "மூணு தலகாணி வச்சாதாம்மா வேகம்" என்கிறான்.

கார்ட்டூனைக் குற்றம் சொல்ல முடியாது என்கிறார் என் வீட்டுக்காரர். பேனலுக்குக் காசு கொடுத்தவர் அவர், பேசுகிற உரிமை உண்டு. டிரம்மைக் கழுவுவது நான் என்பதால் எனக்கும் உண்டு. டிவி உடைவதற்கு முன்பு ஒரு மாதம் இதை நிறுத்திவிட்டு, பாட்டும் கூத்துமாக ஏதோ ரைம்ஸ் போட்டுக் கொடுத்தேன். வீடு சுத்தமாக இருந்தது. பையன் வாயைப் பிளந்தபடி சோபாவில் கிடந்தான், சோறு ஊட்டினால் விழுங்கினான். எனக்கே பயமாகி மறுபடியும் கோழிக்குஞ்சைப் போட்டேன்.

ஆகவே மதினிக்கு என் பதில்: வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல அறிவியல் கார்ட்டூன் நான் பார்த்ததில்லை, ஆனாலும் வேண்டாம். உங்கள் வீட்டில் இருப்பது 55 இஞ்ச். தரையில் கிரானைட் வேறு, எதுவும் நிற்காமல் உருளும்.

நேற்று டிவியை மாட்டியதும் முதல் வேலையாகக் குஞ்சுகளைப் போட்டுக் கொடுத்தேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேனல் வந்த பெட்டியின் தெர்மாகோலை உடைத்து டிரம்மில் மிதக்கவிட்டு, டேபிள் ஃபேனை இழுத்து வந்து அதன் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான்.

"அம்மா, எல்லாம் ஓரத்துக்குப் போயிருச்சு!"

மாமியார் கட்டிலில் இருந்தபடியே சொன்னார்: "இத 2017லயே வைகை அணையில அமைச்சர் தெர்மாகோல் விட்டப்ப பாத்தாச்சுடா."