சுண்ணாம்பு நீரா, இரட்டைக் கரைசலா, ரியாக்டரா? பவளத் தொட்டியின் தண்ணீரைச் சமனில் வைக்க எது சரி?

கடல்நீர் மீன்தொட்டியில் பவளம் வளர்கிறது என்றால் தண்ணீரிலிருந்து கால்சியமும் பைகார்பனேட்டும் போய்க்கொண்டே இருக்கின்றன என்று அர்த்தம். பவளத்தின் எலும்புக்கூடு கால்சியம் கார்பனேட் என்பதால் இரண்டும் ஒரே விகிதத்தில்தான் குறையும். ஆல்கலினிட்டி என்பது அமிலத்தை ஈடுகட்டும் திறன், பெரும்பாலும் பைகார்பனேட்டால் வருவது; அதை அளக்கும் அலகு டிகேஹெச். அது 1 டிகேஹெச் இறங்கினால் கால்சியம் சுமார் 7 பிபிஎம் (பத்து லட்சத்தில் 7 பங்கு) இறங்கியிருக்கும். கடல் நீரில் கால்சியம் 410 பிபிஎம்முக்கு மேல் இருக்கிறது; ஆல்கலினிட்டி 7 டிகேஹெச் அளவுதான். கையிருப்பு குறைவாக இருப்பது ஆல்கலினிட்டி என்பதால் முதலில் தட்டுப்பாடு வருவதும் அதில்தான். நாளுக்கு 2 டிகேஹெச் இழுக்கும் தொட்டியில் கால்சியம் 14 பிபிஎம்தான் குறைந்திருக்கும். அதை வீட்டுச் சோதனைக் கிட்டில் பிரித்துப் பார்ப்பதே கஷ்டம். ஆல்கலினிட்டி கிட் அதே மாற்றத்தைப் பளிச்சென்று காட்டிவிடும்.

அதனால் எந்த முறை நல்லது என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் தொட்டி ஒரு நாளைக்கு எத்தனை டிகேஹெச் இழக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். எதையும் சேர்க்காமல், தினமும் ஒரே நேரத்தில், இரண்டு மூன்று நாள் அளந்தால் போதும். இந்த எண் கையில் இல்லாமல் கருவி வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. பவளங்கள் வெளுத்த பிறகுதான் பலர் கணக்குப் போட உட்காருகிறார்கள்.

தண்ணீர் மாற்றினாலே போதாதா? மீனும் மென்பவளங்களும் மட்டும் இருந்தால் போதும். வன்பவளம் வந்துவிட்டால் கணக்கு உதைக்கும். தொட்டி 7 டிகேஹெச்சில் இருக்கிறது, புதுத் தண்ணீர் 8 என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீதம் மாற்றினால் கிடைப்பது 7.1. தினமும் 1 டிகேஹெச் போகிற இடத்தில் வாரம் ஒருமுறை 0.1 வந்து என்ன ஆகப்போகிறது? தண்ணீர் மாற்றுவது அவசியம்தான், ஆனால் அது வேறு வேலைகளுக்கு.

அடுத்தது கால்க்வாசர் எனப்படும் சுண்ணாம்புத் தெளிநீர். கால்சியம் ஹைட்ராக்சைடை ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, ஆவியாகிப் போகும் தண்ணீருக்கு ஈடாக ஊற்றுவது. எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான், காரணம் இருக்கிறது. கால்சியமும் ஆல்கலினிட்டியும் பவளம் எடுத்துக்கொள்ளும் அதே விகிதத்தில் உள்ளே போகின்றன. மிச்சமாக எந்த உப்பும் சேர்வதில்லை. அதோடு ஹைட்ராக்சைடு தண்ணீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொள்வதால் பிஹெச் ஏறும். ஜன்னல் சாத்திய அறையில் ஆட்கள் விடும் மூச்சே தொட்டியின் பிஹெச்சை இறக்கிவிடும். அப்படிப்பட்ட வீட்டில் இது பெரிய உதவி. இரவில் ஒளிச்சேர்க்கை நின்று பிஹெச் இறங்குகிற நேரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டால் இன்னும் நல்லது.

ஆனால் இதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிராம் சொச்சம்தான் கரையும், அதற்கு மேல் போட்டால் அடியில் தங்கும். நூறு லிட்டர் தொட்டியில் நாளுக்கு ஒரு லிட்டர் ஆவியானால், அதற்கு ஈடாக ஊற்றும் செறிந்த சுண்ணாம்பு நீர் தருவது ஏறக்குறைய 1.1 டிகேஹெச். தொட்டி அதற்கு மேல் கேட்டால் இந்த முறை மட்டும் கைகொடுக்காது. மூடி போட்ட தொட்டியில் ஆவியாவது குறைவு, அங்கே இன்னும் சீக்கிரம் முட்டிவிடும்.

கலக்குகிற விதத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பொடியைப் போட்டுக் கலக்கி, மூடி, சில மணி நேரம் விட்டால் வெள்ளை வண்டல் அடியில் இறங்கி மேலே கண்ணாடி போன்ற தெளிநீர் நிற்கும். அந்தத் தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். பொடியில் அழுக்காக வரும் உலோகங்களில் கணிசமான பங்கு வண்டலோடு தங்கிவிடும். மேற்பரப்பில் மெல்லிய ஆடை படிவதைப் பார்க்கலாம். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்து உண்டாக்கும் கால்சியம் கார்பனேட் அது. சும்மா சும்மா கலக்கிவிட்டால் அந்த ஆடை உடைந்து புதிது புதிதாக உருவாகி, கரைசலின் வீரியம்தான் குறையும். பிஹெச் 12.4 இருக்கும் திரவம் என்பதால் கையுறையும் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

இதில் பயப்பட வேண்டியது, நீர்மட்டம் இறங்கும்போது தானாக ஊற்றவைக்கும் மிதவை சுவிட்ச்சுக்குத்தான் (ஃப்ளோட் சுவிட்ச்). அது ஒட்டிக்கொண்டு பத்து லிட்டர் சுண்ணாம்பு நீர் மொத்தமாக நூறு லிட்டர் தொட்டிக்குள் இறங்கினால் ஆல்கலினிட்டி 11 டிகேஹெச் கூடும் அளவுக்குக் காரம் போகிறது. பிஹெச் எகிறி, தண்ணீர் பால் மாதிரி வெளுத்து, உயிர்கள் போய்விடும். சுண்ணாம்பு நீர்க் கேனைச் சின்னதாக வைப்பதுதான் மலிவான காப்பீடு.

இரட்டைக் கரைசல் முறையில் ஒரு பாட்டிலில் கால்சியம் குளோரைடு, இன்னொன்றில் சோடியம் பைகார்பனேட் அல்லது கார்பனேட். ஆவியாதலோடு சம்பந்தமில்லை, வேண்டிய அளவு விடலாம். நூறு லிட்டருக்கு 1 டிகேஹெச் ஏற்ற சுமார் 3 கிராம் சமையல் சோடா. அதற்கு இணையாக 2.6 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட். சமையல் சோடா பிஹெச்சை முதலில் லேசாக இறக்கும், கார்பனேட் ஏற்றும். உங்கள் தொட்டியின் பிஹெச்சைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம், இந்தச் சுதந்திரம் வேறு முறைகளில் இல்லை. இரண்டையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் விடக் கூடாது. விட்டால் கண் முன்னாலேயே வெள்ளை மேகம் கிளம்பும், பவளத்துக்குப் போக வேண்டியது சுண்ணாம்புத் தூளாகிவிடும்.

இதன் குறை மெதுவாகத்தான் தெரியும். பவளம் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துக்கொள்ள, சோடியமும் குளோரைடும் அப்படியே நிற்கும். நாளுக்கு 1 டிகேஹெச் சேர்க்கிற நூறு லிட்டர் தொட்டியில் மாதம் 60 கிராம் அளவுக்குச் சாதா உப்பு சேர்கிறது. அதாவது உப்புத்தன்மை ஆயிரத்தில் 0.6 பங்கு ஏறும். ஒழுங்காகத் தண்ணீர் மாற்றி, உப்புத்தன்மையை அளந்து வந்தால் இது சமாளிக்கக்கூடியதே. இரட்டைக் கரைசலின் ஒரு வகையான பாலிங் முறையில் மூன்றாவதாகச் சோடியம் குளோரைடு இல்லாத கடல் உப்பைச் சேர்ப்பது இந்தச் சாய்வைச் சரிக்கட்டத்தான். கரைசலை அளந்து விடும் பம்ப்பின் குழாய் நாளாவட்டத்தில் தளர்ந்துவிடும், அதையும் சும்மா விடக் கூடாது. அளவுக் குவளையில் ஓட்டிப் பார்த்து, பத்து மில்லி என்பது நிஜமாகவே பத்து மில்லிதானா என்று அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்.

கால்சியம் ஃபார்மேட் கலந்த ஒற்றைப் பாட்டில் கலவைகளும் இருக்கின்றன. சின்னத் தொட்டிக்கு வசதி. பாக்டீரியா ஃபார்மேட்டைச் சிதைத்த பிறகுதான் ஆல்கலினிட்டி உயரும் என்பதால் ஊற்றிய உடனே அளந்து பார்த்து ஏமாற வேண்டாம்.

கால்சியம் ரியாக்டர் என்பது பவளத் துகள்கள் நிரப்பிய குழாய்க்குள் கார்பன் டை ஆக்சைடு செலுத்தி, பிஹெச்சை 6.5 அருகே இறக்கி, துகள்களைக் கரைய வைப்பது. கால்சியம், ஆல்கலினிட்டியோடு கொஞ்சம் மக்னீசியமும் ஸ்ட்ரான்சியமும் கிடைக்கும். உப்பு சேராது, துகளும் மலிவு. பெரிய தொட்டி, நெருக்கமாக எஸ்பிஎஸ் பவளங்கள் (சின்னப் பாலிப் கொண்ட வன்பவளங்கள்) என்றால் இதற்கு ஈடு இல்லை. ஆனால் சிலிண்டர், ரெகுலேட்டர், சோலினாய்டு (வாயுவைத் திறந்து மூடும் மின் வால்வு), பிஹெச் அளக்கும் புரோப் என்று முதலீடு அதிகம். வெளிவரும் நீரில் கார்பன் டை ஆக்சைடு மிகுந்திருப்பதால் தொட்டியின் பிஹெச் இறங்கும், ஏற்கெனவே 7.8இல் தவிக்கும் தொட்டியை அது இன்னும் இழுக்கும். நாளுக்கு 1 டிகேஹெச் கேட்கும் தொட்டிக்கு ரியாக்டர் வாங்குவது வீண் செலவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எதை எடுத்தாலும் மக்னீசியம் 1,250 முதல் 1,350 பிபிஎம்முக்குள் இருக்கட்டும். அது குறைந்தால் கால்சியம் கார்பனேட் தானாகவே படியத் தொடங்கி, என்ன ஊற்றினாலும் எண்கள் ஏறாது.

நாளுக்கு 1 டிகேஹெச் வரைக்கும் சுண்ணாம்பு நீர் மட்டும் போதும் என்பேன். அந்த அளவைத் தாண்டினாலும் சுண்ணாம்பு நீரை நிறுத்த வேண்டாம். ஆவியாகும் அளவுக்கு அதையே ஊற்றி, பற்றாக்குறைக்கு மட்டும் இரட்டைக் கரைசலைச் சேருங்கள். உப்புச் சேர்மானமும் அந்த அளவுக்குக் குறையும். சுண்ணாம்பு நீரால் பிஹெச் 8.4 தொட்டுவிட்டால் ஆல்கலினிட்டி பாட்டிலில் கார்பனேட்டுக்குப் பதில் சமையல் சோடாவை வையுங்கள். ரியாக்டருக்கு மாறும்போதும் சுண்ணாம்பு நீரைக் கொஞ்சம் தொடர்ந்தால், அது இறக்கும் பிஹெச்சை இது தூக்கிப் பிடிக்கும். எந்த மாற்றமாக இருந்தாலும் ஆல்கலினிட்டி ஒரே நாளில் 1 டிகேஹெச்சுக்கு மேல் ஏறவோ இறங்கவோ விடாமல், முதல் இரண்டு வாரமாவது தினமும் அளந்து கொண்டே போங்கள்.