டைல்ஸ் இடுக்குப் பசை: இரண்டு ஆண்டுகளும் ஒரு மூலையும்

பட்டர்வொர்த்தில் பழைய அடுக்குமாடி வீடொன்றை வாங்கியிருக்கும் என் அண்ணன் மகள், டைல்ஸ் இடுக்கை அடைக்கும் இரட்டைக் குழாய் எப்போக்சி பசை மலிவு விற்பனைக்கு வந்திருப்பதாகச் சொல்லி, "அத்தை, உங்க குளியலறைக்குப் போட்டீங்களே, இன்னும் அப்படியே இருக்கா?" என்று போன வாரம் தொலைபேசியில் கேட்டாள். அவள் கேட்ட நேரத்தில் நான் அதே குளியலறைத் தரையில் முழந்தாளிட்டு, ஒரு மூலையில் கறுத்துப்போன சிலிக்கோன் அடைப்பை இரண்டாம் முறையாகச் சுரண்டிக்கொண்டிருந்தேன். இந்தப் பதிவில் எரிச்சல் சற்றுத் தூக்கலாகத் தெரிந்தால் காரணம் அதுதான்.

பினாங்கின் பாயான் பாருவில் எங்கள் வீட்டுக் குளியலறை ஐந்தடிக்கு ஆறடி. கட்டியவர்கள் பதித்த இளஞ்சிவப்பு எட்டங்குல டைல்ஸ் இன்றும் பழுதில்லாமல் இருக்கிறது; பாழாகிப் போனவை இடுக்குகள்தாம். கழிவறைக் கிண்ணத்துக்கு ஊற்றும் அமிலத் திரவத்தையே பல ஆண்டுகளாகத் தரைக்கும் ஊற்றித் தேய்த்துவந்ததன் பலன் அது. அமிலம் அழுக்கோடு நிற்பதில்லை, இடுக்கிலிருக்கும் சிமெண்டையும் கரைக்கிறது. குழிந்த இடுக்கில் சோப்புக் கசடு தங்குகிறது, கசடில் பூஞ்சை பிடிக்கிறது, பூஞ்சையைக் கண்டதும் நாம் இன்னும் கொஞ்சம் அமிலம் ஊற்றுகிறோம். டைல்ஸை உடைத்துப் புதிதாகப் பதிக்க ஒரு குத்தகையாளர் 6,500 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார். 2024 தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போக ஈப்போவிலிருந்து உறவினர்கள் எங்கள் வீட்டில் வந்து தங்குவதாக இருந்ததால், 300 வெள்ளிக்குள் ஏதாவது செய்து அந்தக் கறுப்புக் கோடுகளை மறைத்துவிட வேண்டும் என்பதுதான் அப்போது என் குறிக்கோள். அதற்காகத் தேர்ந்தெடுத்ததுதான் இந்த எப்போக்சி பசை.

இந்தப் பசைக்கு ஈரம் ஆகாது. இடுக்கு சுக்காகக் காய்ந்திருந்தால்தான் பிடிக்கும். நான்கு பேர் குளிக்கும் வீட்டில், பினாங்கின் ஈரக் காற்றில், அது நடக்கிற காரியமா என்று மலைத்துக்கொண்டிருந்தபோதுதான், சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வுகளை மாற்றுவதற்காக ஜனவரி 10 முதல் நான்கு நாட்களுக்குத் தண்ணீர் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தது. ஊரே வாளியிலும் பீப்பாயிலும் தண்ணீர் பிடித்து வைத்துப் புலம்பிய அந்த நாட்களை மகிழ்ச்சியோடு வரவேற்ற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். வீட்டிலிருந்த மற்றவர்களைக் கூலிமில் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முதல் நாள் முழுவதும் கொக்கி போன்ற கத்தியால் பழைய சிமெண்டைச் சுரண்டினேன். சிறிய டைல்ஸ் என்றால் இடுக்கு அதிகம்: தரையில் மட்டும் ஏறத்தாழ 25 மீட்டர். இரண்டாம் நாள் மின்விசிறியை வாசலில் வைத்துக் காயவிட்டேன். மூன்றாம் நாள்தான் பசையைக் கையில் எடுத்தேன்.

ஒரு குழாயில் பிசினும் மற்றதில் அதை இறுகவைக்கும் பொருளும் இருக்கும். பசை பிதுக்கும் துப்பாக்கியை அழுத்தினால் இரண்டும் முனையிலுள்ள சுருள் வழியே கலந்து வெளிவரும். முதலில் வருவதில் கலவை சரியாக இராது என்பதால் ஒரு சாண் நீளத்துக்குக் காகிதத்தில் பிதுக்கி எறிந்துவிட வேண்டும் என்பது விதி. நான் காசை நினைத்து எறியவில்லை. வாசலருகே இரண்டு முழ நீளத்துக்கு அந்தக் கோடு இன்றுவரை முழுதாக இறுகவில்லை. நகத்தை வைத்தால் பிறை போல் பதிகிறது. மற்ற இடங்களில் எல்லாம், எஃகுக் குண்டு பொருத்திய கம்பியால் அழுத்தி இழுத்துவிட்டு, மறுநாள் மெல்லிய தகட்டை டைல்ஸோடு ஒட்டித் தள்ளியபோது ஓரத்தில் வழிந்திருந்தது ரப்பர் நூலாகக் கழன்று சுருண்டது. அந்தச் சுகத்துக்காகவே இன்னொரு குளியலறையையும் செய்யலாம். புதிய ஷவர் குழாய், தண்ணீர் தள்ளும் வைப்பர் உட்பட மொத்தச் செலவு 243 வெள்ளி 60 காசு.

நேர்மையாகச் சொன்னால், தரையின் நடுவில் இந்தப் பசையிடம் குறை காண என்னால் இயலவில்லை. சீயக்காயும் நல்லெண்ணெயுமாக இரண்டு தீபாவளிக் குளியல்கள் முடிந்துவிட்டன. சாம்பல் நிறக் கோடுகள் போட்ட நாளில் எப்படியோ அப்படியே இருக்கின்றன. தேய்ப்புக் கட்டையை எடுத்துப் பல மாதங்கள் ஆகின்றன. அமிலத் திரவம் வாங்குவதை நிறுத்திவிட்டேன், மூக்கெரிச்சலும் நின்றது. நாக்கோ சன்னலை (கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய சன்னல்) ஒட்டிய சுவரில் மட்டும் அழகுக்காக வெள்ளை நிறம் போட்டிருந்தேன். எப்போக்சி பிசின் வெயில் பட்டால் மஞ்சளிக்கும் தன்மையுள்ளது என்பதால், அது இப்போது பழைய பல்லின் நிறத்துக்கு வந்துவிட்டது. வெள்ளையைத் தேர்ந்தெடுத்தது என் தவறு, அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது அந்த மூலை. தண்ணீர்க் குழாய்க்குக் கீழே, சுவரும் தரையும் சேரும் இடத்தில், ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான நீளம். விற்பவரின் காணொளியில் மூலையிலும் அதே பசையைச் சிரித்த முகத்தோடு இழுத்துக் காட்டியிருந்தார்கள், நானும் இழுத்தேன். ஐந்தாவது மாதம் மயிரிழைபோல் ஒரு விரிசல். சுவரும் தரையும் தனித்தனி உறுப்புகள். வெப்பத்திலும் பாரத்திலும் ஒவ்வொன்றும் தன் போக்கில் சிறிதளவு அசையும். இறுகிய எப்போக்சிக்கு வளைந்துகொடுக்கத் தெரியாது. மூலைக்கு எப்போதும் நெகிழும் சிலிக்கோன்தான் போட வேண்டும் என்பதை விரிசல் விட்டபிறகுதான் தெரிந்துகொண்டேன். பசையைப் பெயர்த்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. அவசரத்தில் வாங்கிய மலிவான சிலிக்கோன், காயும்போது வினிகர் வாடை அடித்த ரகம், அவ்வாண்டு தீபாவளிக்கு முன்பே கரும்புள்ளிகள் கண்டுவிட்டது. வெளுப்பானை ஊற்றினால் மேற்பரப்பு வெளுக்கும், உள்ளே இறங்கிய பூஞ்சை இரண்டு வாரத்தில் மீண்டும் தலைகாட்டும். பழைய சிலிக்கோனின் மேல் புதிய சிலிக்கோன் ஒட்டாது என்பதால் ஒவ்வொரு முறையும் கடைசித் துணுக்கு வரை சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, காயவைத்த பிறகே மறுபடி தொடங்க வேண்டும். இரண்டாவதாகப் பூஞ்சைத் தடுப்பு சேர்த்த விலை கூடிய ரகத்தைப் போட்டேன். ஓராண்டுக்கு மேல் தாக்குப்பிடித்துவிட்டு, அதுவும் கறுத்தது.

போன வாரம்தான் ஒரு கோலிக்குண்டை வாசலில் வைத்து விட்டுப் பார்த்தேன். தண்ணீர் வடியும் துவாரத்தை நோக்கிப் போக வேண்டிய குண்டு, பாதி வழியில் திரும்பி நேராக அந்த மூலைக்குப் போய் நின்றது. தரையின் வாட்டமே தவறு. காலையில் குளித்த தண்ணீர் உள்ளங்கையளவு அங்கே மதியம் வரை தேங்கி நிற்கிறது; எந்தப் பொருளைப் போட்டாலும் அதன் கதி அதுதான். ஆகவே குற்றம் அன்று வாட்டம் பார்த்தவருடையது, பசையுடையதன்று. இதை அறிவு ஒப்புக்கொள்கிறது, முழங்கால் ஒப்புக்கொள்ளவில்லை.

அண்ணன் மகளுக்கு இன்னொன்றையும் சொன்னேன். கீழ்வீட்டுக் கூரையில் ஈரக்கறை இருக்கிறதா என்று முதலில் போய்ப் பார்த்துவிடு. இருந்தால் இந்தப் பசையைத் தொடாதே. தண்ணீரைத் தடுப்பது டைல்ஸுக்கும் அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு. இடுக்கை அடைப்பது அதற்கு மாற்றாகாது. அடுக்குமாடி வீடுகளுக்கான 2013ஆம் ஆண்டு ஸ்திராத்தா நிர்வாகச் சட்டத்தின்படி, கூரையில் கசிவு கண்டால் வேறுவிதமாக நிரூபிக்கப்படும்வரை அது மேல்வீட்டின் குறையாகவே கொள்ளப்படும். அங்கே சில நூறு வெள்ளியை மிச்சம் பிடிக்கப் போய்ப் பெருஞ்செலவில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

இத்தனையும் கேட்டுவிட்டு, "அப்போ வாங்கட்டுமா வேணாமா?" என்றாள். வேண்டாம் என்றேன். "உங்க தரை நல்லாத்தானே இருக்கு?" என்றாள். நன்றாகத்தான் இருக்கிறது, அந்த 243 வெள்ளியில் மிக அதிகமாக உழைத்ததும் பசையன்று, எட்டு வெள்ளி வைப்பர்தான், அதையும் என்னைத் தவிர இந்த வீட்டில் ஒருவரும் தொடுவதில்லை என்றேன். அவள் சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். வாங்கியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்றாம் முறையாகப் போட்ட சிலிக்கோன் இப்போது அந்த மூலையில் காய்ந்துகொண்டிருக்கிறது. குறுக்கே ஒரு முக்காலியை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வரை அதை யாரும் நகர்த்தக் கூடாது.