பப்மெட்டா, கொக்ரேன் நூலகமா?

கிளிநொச்சி, முல்லைத்தீவு மருத்துவமனை விடுதிகளில் கடமையாற்றும் தாதியருக்கு, ஆய்வுச் சான்றை எங்கே தேடுவது என்ற குழப்பம் இருக்கிறது. பப்மெட் என்பது மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையத்தளம்; கொக்ரேன் நூலகம் என்பது ஒரே கேள்வியைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் மீளாய்வுகளின் இணையத் தொகுப்பு.

செலவு: பப்மெட்டில் தேடல் இலவசம், முழுக் கட்டுரைக்குப் பல இதழ்கள் பணம் கேட்கும். கொக்ரேனின் எளிய சுருக்கங்கள் இலவசம். சில தமிழிலும் உண்டு.

நேரம்: பப்மெட்டில் 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் இருப்பதால், காயம் கழுவுவதைப் பற்றிப் பொதுவாகத் தேடினால் இரவுக் கடமை முடிந்தாலும் பட்டியல் முடியாது, கொக்ரேனிலோ, குழாய்நீரையும் சேலைனையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தரம் பார்த்துத் தொகுத்த மீளாய்வே கைக்கு வந்துவிடும். ஆயினும், குடிக்கத் தகுந்த குழாய்நீரைப் பற்றிய முடிவைக் கிணற்றுநீரை நம்பியிருக்கும் நம் கிராமங்களுக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

ஒரு சிகிச்சை பயன் தருமா என்ற கேள்விக்குக் கொக்ரேனையும், பாம்புக்கடி போன்றவற்றில் இலங்கை ஆய்வுகளைத் தேடப் பப்மெட்டையும் நாடுங்கள்.