உப்புக் காற்றில் 608: திருமலையில் ஸ்கேட்போர்ட் பேரிங் பாவித்த அனுபவம்

ஸ்கேட்போர்ட் பேரிங் பற்றி வாசிக்கக் கிடைப்பதில் பெரும்பகுதி, காய்ந்த கொங்கிறீற் தரையில் ஓட்டுபவர்கள் எழுதியது. திருகோணமலைக்கு அது அப்படியே பொருந்தாது. டச் பே கரையோரம் ஒரு பின்னேரம் ஓட்டிவிட்டு வந்து போர்டின் அடியில் கை வைத்துப் பாருங்கள், பிசுபிசுக்கும். கடற்காற்றின் உப்பு, கரையிலிருந்து வீதிக்கு ஏறும் மணல், ஆனி ஆடியில் கச்சான் அள்ளி வரும் புழுதி, பிறகு கார்த்திகையில் மாரி. பேரிங்குக்கு நல்ல மாதம் என்று இங்கே எதுவும் இல்லை.

நான் ஓட்டுவது க்ரூசர் வகைப் போர்ட். 60 மில்லிமீற்றர் சில்லு, 78ஏ அளவு மென்மை. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் ஊர் பாதி சைக்கிளுக்கு மாறியது. என்னிடம் சைக்கிள் இல்லை, போர்ட் இருந்தது. உவர்மலைப் பக்கமிருந்து உட்துறைமுக வீதி வழியாக வேலைக்குப் போய்வரத் தொடங்கினேன், அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. வித்தை காட்டுகிறவன் இல்லை நான். குதிப்பு, தண்டவாளச் சறுக்கு எல்லாம் தெரியாது. தினமும் உருண்டு போய்வருகிற ஒருவனின் கணக்கு இது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சில்லுக்குள் இருப்பது 608 என்ற அளவு பேரிங். உள்துளை 8 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 22, தடிப்பு 7. சில்லுக்கு இரண்டு, போர்டுக்கு எட்டு. சின்ன மின்மோட்டார், கைக்கருவிகள், கொஞ்சக் காலம் முன்பு பிள்ளைகள் விரலில் சுற்றித் திரிந்த ஸ்பின்னர் என்று பல இடங்களில் இருப்பது இதே 608தான். அதனால் மோட்டார் சாமான் விற்கும் கடையில் நம்பரைச் சொன்னாலே எடுத்துத் தருவார்கள். நான் போன கடையில் “எட்டு வேணும்” என்றதும் அண்ணை நிமிர்ந்து பார்த்தார்.

“நாலு மோட்டாரோ தம்பி திருத்துறீங்கள்?”

“இல்லை அண்ணை, சில்லுப் பலகைக்கு. றோட்டில ஓட்டுறது.”

“அப்ப தகரம் மூடினது வேணாம், றப்பர் மூடினதைக் கொண்டு போங்கோ. மண் பூந்தா அவ்வளவுதான்.”

ஸ்கேட்போர்டை வாழ்நாளில் தொட்டிராத மனிதர். நான் வாசித்த ஒப்பீடுகள் எல்லாவற்றையும்விட அவர் சொன்னது பயன்பட்டது. அவர் சொன்ன தகர மூடிக்கு 608 இசட்இசட் என்று பெயர். இரண்டு பக்கமும் மெல்லிய இரும்பு மூடி, அச்சில் மாட்டும் உள்வளையத்தில் படாமல் மயிரிழை இடைவெளி விட்டு நிற்கும். 2ஆர்எஸ் என்பதில் இரண்டு பக்கமும் றப்பர் சீல், அதன் உதடு உள்வளையத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கும். தொடுவதால் கொஞ்சம் இழுவை உண்டு. புதிதில் காலால் உதைக்கும்போது அது தெரியும், ஓட ஓடப் பழகிவிடும். தகர மூடியிலோ, டச் பே மணலின் பொடி நுழைய அந்த மயிரிழை இடைவெளி தாராளம்.

இனி எல்லோரும் முதலில் கேட்கும் ஏபெக் எண். அமெரிக்க பேரிங் உற்பத்தியாளர் சங்கத்தின் கீழ் வரும் தரம் அது. 1, 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படை எண்களில் ஏறி 9ஓடு முடிகிறது. அளவு எவ்வளவு துல்லியம் என்பதை மட்டும் சொல்லும். 8 மில்லிமீற்றர் துளை ஏபெக் 1இல் 8 மைக்ரோன் வரை குறையலாம், ஏபெக் 7இல் 4 மைக்ரோன் வரை. தலைமயிர் ஒன்றே 70 மைக்ரோன் அளவு தடிப்பு என்பதை வைத்துப் பாருங்கள். வேகக் கணக்கும் இப்படித்தான்: மணிக்கு 20 கிலோமீற்றரில் போகும்போது என் சில்லு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,770 தடவை சுற்றும். றப்பர் சீல் போட்ட நல்ல 608 ஒன்று 20,000 சுற்றையும் தாங்கும்படி செய்யப்பட்டது. நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றில் நிதானமாக ஓடும் இயந்திரத்துக்கு அந்த மைக்ரோன் முக்கியம். காபட் வீதியின் பொருத்துகளில் தடதடத்துப் போகும் பலகைக்கு இல்லை.

இரும்பு என்ன தரம், குண்டு எவ்வளவு வழுவழுப்பு, குண்டுகளை இடைவெளி விட்டுப் பிடித்துவைக்கும் கூடு எதில் செய்தது, மூடி எப்படிப்பட்டது, உள்ளே என்ன எண்ணெய் என்று நமக்குத் தேவையான எதையும் அந்த எண் சொல்லாது. ஸ்கேட்போர்ட் பேரிங் விற்கும் போன்ஸ் நிறுவனம் தன் பேரிங்கில் ஏபெக் எண் போடுவதே இல்லை, ‘ஸ்கேட் ரேட்டட்’ என்று தன் பாட்டுக்கு ஒன்றை வைத்திருக்கிறது. அது விளம்பரமும்தான், ஆனால் காரணம் நியாயமானது.

அக்காவின் மகன் போர்ட் வாங்கியபோது கூடவே வந்த பேரிங் பெட்டியில் ‘ஏபெக் 11’ என்று தங்க நிறத்தில் அச்சிட்டிருந்தது. 9ஓடு முடிகிற அளவுகோலில் 11 எங்கிருந்து வந்தது என்று விற்றவரிடம் எழுதிக் கேட்டோம், பதில் இல்லை. அடுத்த மாரி தொடங்கி கொஞ்ச நாளில் பெடியன் வந்தான்: “மாமா, என்ர போர்ட் கத்துது.” திறந்து பார்த்தால் உள்ளே கறள். இரண்டில் கூடு உடைந்து குண்டுகள் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தன. எண்ணைப் பெரிதாகப் போடுகிறவன் மற்றதையெல்லாம் சிறிதாகப் போட்டிருப்பான் என்பது என் அனுமானம்.

விலை கூடியதை வாங்கினால் தப்பலாமா? நண்பன் ஒருவனிடம் செராமிக் இருந்தது. செராமிக் என்று விற்பதில் பெரும்பாலானவை கலப்புத்தான். குண்டு மட்டும் சிலிக்கன் நைட்ரைட், வளையங்கள் வழக்கமான உருக்கு. ஒரு மாரி முடிய அவனுடையதைத் திறந்தோம். குண்டுகள் கடையில் வாங்கிய அன்றுபோல் கறுப்பாகப் பளபளத்தன. அவை ஓடும் தடத்தில் கறள் தின்ற சின்னச் சின்னப் பள்ளங்கள். கடினமான குண்டு பள்ளமான தடத்தில் ஓடினால் சத்தம் இன்னும் மோசம். மழையிலும் கடலோரத்திலும் ஓட்டுகிறவருக்கு அந்தக் காசு வீண் என்றே சொல்வேன்.

ஸ்டெயின்லெஸ் வேறு கதை. பேரிங்கில் வருவது பெரும்பாலும் 440சி. வழக்கமான 52100 குரோம் உருக்கைவிடக் கொஞ்சம் மென்மை, அதனால் உயரத்திலிருந்து குதித்து இறங்குகிறவர்களுக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். உருண்டு மட்டும் போகிறவருக்கு அது குறையே இல்லை. உப்பு இதையும் விடாது, ஆனால் வேலையைத் தாமதமாகச் செய்யும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடலுக்கு முன்னாலேயே குடியிருப்பவர்கள் கேட்டால் இதைத்தான் சொல்கிறேன்.

கனடாவிலிருந்து வந்த சித்தப்பா மகன் கொண்டுவந்து தந்த போன்ஸ் ரெட்ஸ் ஒரு செட்டும் என்னிடம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் கழற்றக்கூடிய றப்பர் சீல், மறுபக்கம் திறந்தது. அந்தப் பக்கத்தில் நைலோன் கூடு தெரியும். அருமையாக ஓடுகிறது, திறந்து கழுவ அதைப்போல வசதி வேறில்லை. கோடையில் அதைப் பூட்டுகிறேன். மாரியில் கடையில் வாங்கிய இரண்டு பக்க றப்பர் சீல். இரண்டு செட் வைத்திருப்பது ஆடம்பரம் மாதிரித் தெரியும், ஆனால் கடைச் செட்டின் விலை ஒரு நல்ல சில்லின் விலைக்குக் கிட்டவும் வராது.

தேர்வைவிடப் பூட்டுகிற முறையில்தான் நிறையப் பேர் பேரிங்கைக் கெடுக்கிறார்கள். சில்லுக்குள் இரண்டு பேரிங்குக்கும் நடுவே 10 மில்லிமீற்றர் நீளக் குழாய் ஒன்று, ஸ்பேசர், இருக்க வேண்டும். போர்டோடு வராவிட்டால் தேடி வாங்குங்கள். அது இல்லாமல் நட்டை இறுக்கினால் உள்வளையங்கள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நெருக்கப்பட்டு, குண்டுகள் தடத்தின் நடுவை விட்டு ஓரத்தில் ஏறி ஓடும். அதோடு அச்சில் வெளியே ஒன்று உள்ளே ஒன்றாக மெல்லிய வொஷர் இரண்டு. பெடியன்கள் கழற்றும்போது முதலில் தொலைப்பது இதைத்தான். அச்சு நட் அரை அங்குலம், 13ஆம் நம்பர் ஸ்பனர் பிடிக்கும். இறுக்கிவிட்டு, சில்லை விரலால் ஆட்டிப் பார்க்கும்போது மிகச் சின்ன ஆட்டம் இருக்கும் அளவுக்குத் தளர்த்தினால் போதும்.

கழுவுவது இப்படி. நட்டைக் கழற்றி, சில்லைப் பாதி வெளியே இழுத்து, அச்சு நுனியில் பேரிங்கை மாட்டி ஒரு நெம்பு நெம்பினால் கழன்று வரும். தையல் ஊசியை றப்பர் சீலின் உள்விளிம்பில், உள்வளையத்தை ஒட்டிக் கொடுத்து மெதுவாக உயர்த்துங்கள். வெளிவிளிம்பில் குத்தினால் சீல் வளைந்துபோகும், பிறகு சரியாக உட்காராது. சீல் வந்ததும் உள்ளே ஏழு குண்டு. நல்ல நிலையில் இருந்தால் எண்ணெய் மஞ்சளாகவோ கறுப்பாகவோ இருக்கும். செங்கல் நிறத்தில் பசையாக இருந்தால் கறள் தொடங்கிவிட்டது. அந்தப் பசையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்துத் தேய்த்தால் நறநறவென்று மணல் தட்டுப்படும். சீல்களைத் தனியே சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைத்து வையுங்கள்.

பேரிங்கைப் பழைய ஜாம் போத்தலில் போட்டு, மூழ்க ஐசோபுரோப்பைல் அல்ககோல் விட்டு, மூடிக் குலுக்குங்கள். முதல் தண்ணி கறுத்துவிடும். அதை மாற்றி இன்னொரு தடவை. பார்மசியில் ஸ்பிரிட் என்று தருவதில் சில வகைகளில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும், காய்ந்த பிறகு உள்ளே படலம் நிற்கும், லேபலைப் பாருங்கள். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், ஆனால் அதுவும் படலம் விடும், கடைசியாக ஒருமுறை அல்ககோலில் அலசினால் சரி. அசற்றோன் றப்பர் சீலைக் கெடுக்கும். எது என்றாலும் அடுப்படிக்குள் வைத்துச் செய்ய வேண்டாம்.

காய வைப்பதற்கு டயர் கடைக் காற்றைத் தேடி ஓடாதீர்கள். எண்ணெய் இல்லாத பேரிங்கைக் காற்றடித்து விர்ரென்று சுழற்றினால் குண்டு உருளாமல் வழுக்கி, தடத்தில் கீறல் விழும். போதாததற்கு நம் ஊர் ஈரத்தில் கொம்பிரசர் தண்ணீரையும் சேர்த்துத் துப்பும். நல்ல வெயிலில் துணி விரித்து வைத்தாலே போதும். ஆனால் காய்ந்தவுடனே எண்ணெய் விட வேண்டும். வெறும் உருக்கை இரவு முழுக்க யன்னலோரம் வைத்தால் விடியும்போது மேலே மெல்லிய செம்படலம் வந்திருக்கும்.

எண்ணெய்க்கு என் தெரிவு தையல் மெஷின் எண்ணெய். பேரிங்குக்கு இரண்டு துளி, சுற்றிவிட்டு, வழிவதைத் துடைக்க வேண்டும். அதிகம் விட்டால் வெளியே கசிந்து புழுதியை இழுத்து ஒட்டவைக்கும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நாளாகப் பிசினாகி குண்டைப் பிடித்துக்கொள்ளும். டபிள்யூடி-40 தண்ணீரை வெளியேற்ற நல்லது, மழையில் நனைந்து வந்த இரவு நானும் அடிக்கிறேன். ஆனால் அது உயவெண்ணெயாக நின்று பிடிக்காது, பிறகு எண்ணெய் விடத்தான் வேண்டும்.

மாரிச் செட்டுக்கு மட்டும் லிதியம் கிறீஸ். உள்ளிடத்தில் மூன்றில் ஒரு பங்கு நிரப்பினால் போதும். கையில் சுற்றிப் பார்த்தால் சோம்பலாக இரண்டு சுற்றுச் சுற்றி நின்றுவிடும், பெடியன் சிரிப்பான். அந்தக் கைச்சுற்றை நம்பவே கூடாது. எண்ணெயே இல்லாத காய்ந்த பேரிங்தான் கையில் அதிக நேரம் சுற்றும், ஆள் ஏறி நின்றால்தான் அதன் நிலை தெரியும். கிறீஸ் போட்ட செட் எடை ஏறியதும் ஒழுங்காக உருள்கிறது, தண்ணீரும் எளிதில் நுழைவதில்லை. அதற்காகத் தேங்கிய தண்ணீரில் இறங்கி ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. கடல் பொங்கி வீதிக்கு அடித்த நாட்களில் பலகையைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கிறேன்.

இடையில் ஒன்று. கோட்டைக்குள்ளே கோணேசர் கோயிலுக்கு ஏறும் சரிவைப் பார்த்துவிட்டு, அதில் இறங்கி ஓட்டலாமா என்று வெளியூர்ப் பெடியன்கள் கேட்கிறார்கள். வேண்டாம். கும்பிட வரும் சனம், நடுவே நிற்கும் மான்கள், பக்கத்தில் இராணுவ முகாம். எந்தப் பேரிங் போட்டாலும் அங்கே தேவைப்படுவது பிரேக்.

கோடையில் மாதம் ஒருமுறை திறந்து பார்க்கிறேன். மாரியில் நனைந்தால் அன்றிரவே சில்லைக் கழற்றித் துடைக்கிறேன், முழுக் கழுவல் பிறகு. எப்போது எறிவது என்பதற்குக் காதும் விரலும் போதும். கழுவி எண்ணெய் விட்டபிறகும் கரகரத்தால் தடம் போய்விட்டது. மெதுவாகச் சுற்றும்போது ஒரே இடத்தில் டக் என்று இடறினால் தடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது, அதை எந்த எண்ணெயும் நிரப்பாது. கூட்டில் வெடிப்பு இருந்தால் அன்றே மாற்றுங்கள். ஓடும்போது கூடு உடைந்தால் சில்லு இறுகி நிற்கும், நீங்கள் நிற்கமாட்டீர்கள். ஒன்று பழுதானால் எட்டையும் மாற்றத் தேவையில்லை. ஆனால் அதே சில்லில் இருக்கும் மற்றதையும் சேர்த்து மாற்றிவிடுவேன். கடையில் உதிரியாக வாங்குவதில் உள்ள வசதி அதுதான், இரண்டு கேட்டால் இரண்டு தருவார்கள்.