டேப் ஹெட்டுக்கு ஏற்ற லோடு: நான்கு வருட அனுபவம்

என் ரீல் டெக்கின் பிளேபேக் ஹெட்டிலிருந்து நேராக வயர் இழுத்து, வெளியே ஒரு ப்ரீஆம்பில் கொடுத்து நான்கு வருடம் ஆகிறது. ஹெட் என்பது டேப்பின் காந்தப் பதிவைப் படிக்கும் பாகம்; ப்ரீஆம்ப் அதன் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பெட்டி. ஹெட் சந்திக்கும் கேபிளும் ப்ரீஆம்பின் உள்ளீடும் சேர்ந்ததுதான் அதன் லோடு. முதல் மாதம் பெரிய ஏமாற்றம். பாட்டில் 'ஸ' வரும் இடமெல்லாம் காதில் ஊசி குத்தியது. சிம்பலோ மங்கிக் கிடந்தது. ஹெட்டைத் துடைத்தேன், அசிமத்தை (டேப்புக்கு ஹெட் நிற்கும் கோணத்தை) சரிசெய்தேன், வேறு டேப் போட்டேன். பலனில்லை.

அப்புறம்தான் இண்டக்டன்ஸ், கெப்பாசிட்டன்ஸ் அளக்கும் எல்சிஆர் மீட்டரை எடுத்தேன். (சாதா மல்டிமீட்டரில் ஓம் பார்க்க வேண்டாம், அதன் டிசி கரண்ட் ஹெட்டைக் காந்தமாக்கிவிடும்.) ஹெட்டின் இண்டக்டன்ஸ் 500 மில்லிஹென்றி. இரண்டு மீட்டர் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் சுமார் 200 பிகோஃபாராட், ப்ரீஆம்பின் உள்ளீட்டில் இன்னொரு 100. இண்டக்டன்ஸும் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்தால் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் சிக்னல் எகிறும்; அதுதான் ரெசனன்ஸ். மொத்தம் 300 என்றால் அது 13 கிலோஹெர்ட்ஸில் வந்து உட்காரும். உள்ளீட்டு ரெசிஸ்டர் 100 கிலோ ஓம் என்பதால், அந்த இடத்தில் ஏறக்குறைய 8 டெசிபெல் மேடு. அதைத் தாண்டினால் ஒரே சரிவு. நான் கேட்டது அதைத்தான்.

ரெசிஸ்டரைக் குறைத்தால் போதும் என்றுதான் பலரும் சொல்வார்கள். ட்ரிம்மர் (திருகி மாற்றக்கூடிய ரெசிஸ்டர்) வைத்து, ஒரே பாட்டின் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுத் திருகினேன். 30 கிலோ ஓம் பக்கம் வந்ததும் குத்தல் நின்றது, ஆனால் 13 கிலோஹெர்ட்ஸிலேயே 3 டெசிபெல் போய்விட்டது. ரெசிஸ்டர் மேட்டைத்தான் தட்டும். ட்ரெபிள், அதாவது உச்ச ஒலிகள், எதுவரை போகும் என்பது கெப்பாசிட்டன்ஸின் கையில். முதலில் கை வைக்க வேண்டியது கேபிளில்.

ப்ரீஆம்பை டெக்கை ஒட்டி வைத்து, கேபிளை 30 சென்டிமீட்டராக வெட்டினேன். உள்ளீட்டுக் கெப்பாசிட்டரையும் கழற்றினேன். கேபிளும் உள்ளே மிச்சமிருந்ததும் சேர்ந்து மொத்தம் 100 பிகோஃபாராடுக்கு வந்தது, ரெசனன்ஸ் 22 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியது. ரெசிஸ்டரைக் கடைசியில் 68 கிலோ ஓமில் நிறுத்தினேன். 15 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒரு டெசிபெல் ஏற்றம் மிச்சம். ஹெட்டின் முனையில் இருக்கும் நுண்ணிய இடைவெளியால் உச்ச ஒலிகளில் வரும் இழப்புக்கு அது ஈடுகட்டுகிறது, அதனால் விட்டுவைத்தேன். குச்சி சிம்பலில் படும் அந்த முதல் 'டிங்' தனியாகக் கேட்டபோது எழுந்து நின்றுவிட்டேன்.

ஒரு தொல்லை: மோட்டார் பக்கத்தில் இருப்பதால் ஹம் (மின்சார ரீங்காரம்) ஏறியது. ப்ரீஆம்ப் பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஹம் அடங்கிய கோணத்தில் நிறுத்த ஒரு மாலை முழுக்க ஆனது.

ஹெட் தேயத் தேய இண்டக்டன்ஸ் குறையும். போன மாதம் அளந்தபோது 460 மில்லிஹென்றி. ரெசனன்ஸ் இன்னும் கொஞ்சம் மேலே போயிருக்கிறது, அவ்வளவுதான். 68 கிலோ ஓமை மாற்றவில்லை.