பழைய டூரிங் செட் வாங்கி ஒன்றரை மாதச் சம்பளம் போச்சு, நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சைக்கிளில் நீண்ட பயணம் போகத் தயாராகிக்கொண்டிருக்கும் யாராவது ஒருவருக்காவது உதவட்டும். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

மூன்று வாரப் பயணம், ராத்திரியில் காட்டோரமோ ஆற்றோரமோ கூடாரம் அடித்துத் தங்குவதாகத் திட்டம். அதற்காக ஒரு வருடம் சேர்த்த பணம் என் ஒன்றரை மாதச் சம்பளம். எல்லாவற்றையும் புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது என்று, பழைய பொருட்கள் விற்கும் ஓர் இணையதளத்தில் தேடினேன். கூடாரம், ஸ்லீப்பிங் பேக், கேரியர், அதில் மாட்டும் பைகள் என்று மொத்தமாக ஒருவர் போட்டிருந்தார்.

போனில் முக்கால் மணி நேரம் பேசினார். "எல்லாத்தையும் பின்னாடியே ஏத்தாதீங்க தம்பி, முன் சக்கரத்துக்கும் பிரிச்சுப் போடுங்க, இல்லாட்டி ஸ்போக் தெறிச்சுடும்" என்றார். அதுவும் பின் சக்கரத்தில் கியர் பக்கத்து ஸ்போக்தான் பெரும்பாலும் முதலில் போகும், அதை மாற்றக் கேசட்டை, அதாவது பின் சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கை, கழற்ற வேண்டும், அந்தக் கருவி இல்லாமல் கிளம்பாதீர்கள் என்றார். சொன்னது அத்தனையும் சரி. அதுதான் இப்போது வயிற்றெரிச்சலாக இருக்கிறது. இவ்வளவு தெரிந்த ஆள், நம்மைப் போலப் பயணம் போகிற ஆள், ஏமாற்றவா போகிறார் என்று நினைத்துவிட்டேன். பேச்சோடு பேச்சாக, "தளம் வழியா கட்டினா கமிஷன் பிடிப்பாங்க, நேரா எனக்கே அனுப்பிடுங்க, அதை உங்களுக்குக் குறைச்சுக்கறேன்" என்றார். அப்போதே அனுப்பினேன். ஒன்றரை மாதச் சம்பளம்.

பெட்டி வந்தது. கூடாரத்தைப் பிரித்தவுடன் வாந்தி எடுத்தது போல ஒரு புளித்த வாடை. மேல்விரிப்பின் உட்புறம் தொட்டால் கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. ஈரத்தோடு மடித்து நாள்கணக்கில்லாமல் போட்டுவைத்தால், தண்ணீர் புகாமல் இருக்கத் துணியில் பூசும் பாலியூரிதேன் பூச்சு இப்படித்தான் சிதையும். தையலின் மேல் ஒட்டியிருந்த டேப் பழைய பிளாஸ்திரி மாதிரி உரிந்து தொங்கியது. அடித்து நிறுத்தி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன், உள்ளே குளம்.

ஸ்லீப்பிங் பேக் மைனஸ் 15 டிகிரி வரை தாங்கும் என்றாரே, உள்ளே தைத்திருந்த லேபிளைப் பார்த்தால் நிம்மதியாகத் தூங்க 5 டிகிரி, எல்லை 0, அதற்கும் கீழே 'எக்ஸ்ட்ரீம்' என்ற இடத்தில்தான் மைனஸ் 15. அந்தக் குளிரில் தூங்கலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. உடல் விறைக்கும் அபாயத்தோடு உயிர் தப்பலாம் என்றுதான் அர்த்தம். கேரியரில் 25 கிலோ என்று பொறித்திருந்தது, ஆனால் வெல்டிங் ஓரத்தில் மட்டும் கறுப்புப் பெயின்ட் தடிப்பாக இருந்தது. நகத்தால் சுரண்டினேன், அடியில் முடி அளவு விரிசல். அலுமினியக் கேரியர் அது, நடுவழியில் உடைந்தால் பார்க்கிற பட்டறையில் எல்லாம் ஒட்டவைத்துவிட முடியாது.

போன் செய்தேன். "கூரியர்ல நனைஞ்சிருக்கும்." மறுநாள், "ரெண்டு நாள் வெயில்ல காயப்போடுங்க, சரியாயிடும்." அப்புறம், "வெளியூர்ல இருக்கேன், வந்து பேசறேன்." அப்புறம் பிளாக். தளத்துக்கு மூன்று முறை எழுதினேன். பணம் எங்கள் வழியாகச் செலுத்தப்படவில்லை என்று மூன்று முறையும் எழுத்து மாறாமல் ஒரே பதில். வங்கியில் கேட்டால், நீங்களாக அனுப்பியதுதானே என்கிறார்கள். ஒன்றரை மாதச் சம்பளம் போனவனிடம் பேசுகிற பேச்சா இது?

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. பணத்தைத் தளத்துக்கு வெளியே அனுப்பாதீர்கள். விரிப்பின் உட்புறத்தையும் தையலையும் வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள், லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கேரியரை மட்டுமாவது புதிதாக வாங்குங்கள்.

இன்று காலை அதே படங்களோடு வேறு பெயரில் விளம்பரம் மறுபடி வந்திருக்கிறது. ஆற்றோரம், பச்சைக் கூடாரம், வலது மூலையில் சிவப்புத் தண்ணீர் பாட்டில். பார்த்தால் போன் செய்யாதீர்கள்.