கிணற்று மோட்டரும் அடிக்கடி நின்ற கொம்பியூட்டரும்: பவர் சப்ளை, யூபிஎஸ் மாற்றிய பிறகு

அந்தியேட்டி நினைவுமலர் வேலைக்குத் தவணை கேட்க ஏலாது. ஆள் இறந்த 31ஆம் நாள் காலையில் புத்தகம் வீட்டில் இருக்கவேணும். அந்த வேலைக்கு நான் வைத்திருந்த டெஸ்க்டொப், பக்கம் கட்டிக்கொண்டிருக்கும்போதே டப்பென்று நின்று, தானாகத் திரும்ப எழும்பும். நீலத்திரையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

கடைக்குக் கொண்டுபோனால் முதல் வார்த்தை, "தம்பி, விண்டோஸ் திரும்ப அடிச்சால் சரிவரும்." யாழ்ப்பாணத்தில் எந்த வருத்தத்துக்கும் இதுதான் மருந்து. அதுக்கு முதல் ஒன்று பாருங்கள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து ஈவென்ட் வியூவர், அதில் விண்டோஸ் லொக்ஸ், சிஸ்டம். அங்கே கேர்னல்-பவர் 41 என்று சிவப்பு அடையாளத்தோடு ஒரு பதிவு இருக்கும். முறையாக மூடாமல் நின்றுபோனது என்பதுதான் அதன் பொருள். காரணத்தை அது சொல்லாது. டீட்டெயில்ஸ் பக்கத்தில் பக்செக் கோட் என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே 0 இல்லாமல் வேறு இலக்கம் நின்றால் டிரைவர், ராம் பக்கம் தேடலாம். 0 என்றால் பெரும்பாலும் கரண்ட் அறுந்திருக்கிறது, அல்லது மெஷின் அப்படியே உறைந்திருக்கிறது. என்னுடையதில் வரிசையாக 0.

சூடு காரணமோ என்றும் பார்த்தேன். சோளகம் வீசுகிற மாதங்களில் எங்கள் பக்கத்துச் செம்மண் ஃபானில் மாப்போல ஒட்டிக்கிடக்கும்; பக்கமூடியைக் கழற்றினால் பல்லி முட்டை வேறு. துடைத்து, புரொசெசரின் சூட்டைக் கடத்துகிற தேர்மல் பேஸ்ட்டை மாற்றியதில் சூடு நன்றாக இறங்கியது. நிற்கிறது மட்டும் நிற்கவில்லை.

பிடித்துத் தந்தது அம்மா. "மோட்டர் போடேக்கைதான் உது நிக்குது, வடிவாய்ப் பார்." உண்மைதான். கிணற்று மோட்டர் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பழைய வயரிங்கில் மோட்டரும் என் அறையும் ஒரே லைனில். மோட்டர் போட்டால் லைற் ஒருக்கால் மங்கும், அந்த நொடியில் 230 வோல்ட் எங்கேயோ போய்விடும்.

கரண்ட் போனால் பற்றரியில் கொஞ்ச நேரம் கொம்பியூட்டரை ஓட்டுகிற யூபிஎஸ் ஒன்று, 650 விஏ, வாங்கினேன். நிற்பது குறைந்தது, ஒழியவில்லை. யூபிஎஸ் வாங்கியும் பிரச்சினை போகவில்லை என்று புலம்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மலிவான யூபிஎஸ் பற்றரிக்கு மாற 4 முதல் 10 மில்லி செக்கன் எடுக்கும். கொம்பியூட்டருக்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கிற பெட்டிதான் பவர் சப்ளை; நல்லதென்றால் 16, 17 மில்லி செக்கன் தாக்குப்பிடிக்கும், அதனால் கொம்பியூட்டருக்கு ஒன்றும் தெரியாது. கேஸோடு இலவசமாக வந்த என்னுடைய பவர் சப்ளையில், மின்சக்தியைத் தேக்கி வைக்கிற கபாசிற்றர்கள் தலை வீங்கியிருந்தன. அந்த இடைவெளியைத் தாண்ட அதுக்குச் சக்தி இல்லை. (அந்தப் பெட்டியை வீட்டில் திறக்காதேங்கோ. பிளக்கைக் கழற்றின பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். கடையில் திறந்துதான் காட்டினார்கள்.)

கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் புரோன்ஸ் முத்திரை உள்ள 550 வாட் பவர் சப்ளை ஒன்று போட்டேன். வயரிங் அண்ணையைக் கூப்பிட்டு மோட்டருக்குப் பிரதான போர்ட்டில் இருந்து தனி லைன் இழுத்து, ஏர்த்தையும் சரிபார்த்தேன். காசு அதிகம் போனது பவர் சப்ளைக்கு. பலன் அதிகம் தந்தது, என் கணக்கில், அந்தத் தனி லைன்.

அதுக்குப் பிறகு இரண்டு மாரியும் இரண்டு சோளகமும் போய்விட்டன. மழைக்காலத்தில் கரண்ட் விட்டுவிட்டு வரும்போதுகூட 41 என்ற பதிவு புதிதாக விழவில்லை. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்த மாதிரிக் காலத்துக்கு இந்த யூபிஎஸ் காணாது. சேமித்துவிட்டு ஒழுங்காக மூட மட்டும்தான் நேரம் தரும். எனக்கு அது போதும்.

குறை ஒன்று உண்டு. உள்ளே இருக்கிற 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி ஈயப் பற்றரிக்கு எங்கள் வெக்கை ஒத்துவராது. இப்போதே தாக்குப்பிடிக்கும் நேரம் பாதியாகிவிட்டது. புதுப் பற்றரிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். யூபிஎஸ் முழுவதையும் மாற்றச் சொன்ன கடைக்குத் திரும்பப் போகவில்லை.